"எனக்கு வராது" – இந்தக் கணக்கையும் தணிக்கை செய்வோம்!



நம்ம குழுக்களில் வருஷத்துக்கு ஒரு தடவை தணிக்கை நடக்கிறது. தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம், தனிநபர் பேரேடு, பேங்க் பாஸ் புக் எல்லாவற்றையும் பாயில் பரப்பி வைத்து, வரவும் செலவும் ஒத்துப்போகுதா என்று பார்க்கிறோம். பத்து ரூபாய் இடித்தால்கூட விடுவதில்லை. ராத்திரி ஆனாலும் சரி, அந்தப் பத்து ரூபாய் எங்கே போச்சு என்று கண்டுபிடித்த பிறகுதான் எழுந்து வீட்டுக்குப் போகிறோம்.

ஆனால் ஒரு கணக்கை மட்டும் நாம் யாருமே தணிக்கை செய்வதில்லை. அதுதான் "எனக்கு வராது" என்கிற கணக்கு. "எனக்குக் கூட்டத்துல பேச வராது." "எனக்குக் கணக்கு வராது." "பேங்க் மேனேஜர் முன்னாடி போய் நிக்க எனக்கு வராதுங்க." "இந்த வயசுல இனிமே என்னத்தைக் கத்துக்கிறது?" என்றைக்கோ எழுதின ஒரு வரியை, சரியா தப்பா என்று பார்க்காமலே, ஒவ்வொரு பக்கமாகத் தூக்கி எழுதிக்கொண்டே வருகிறோம்.

இந்த மாதம் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்போம். அதற்குக் காரணம், நம்ம பக்கத்திலேயே நடந்த ஒரு விஷயம். அதில் நம்ம தப்பும் இருக்கிறது. அதனால் மறைக்காமல் சொல்கிறோம்.

பேரேட்டைக் கீழே வைத்த அக்கா

அம்மாபேட்டையில் ஒரு குழு. மொத்தம் 14 பேர். பாதிப் பேர் தறி வேலை. தார் சுற்றுவது, பாவு பிணைப்பது, தறியில் உட்காருவது. மற்றவர்கள் கொலுசு வேலை, பூ வியாபாரம், இட்லிக் கடை என்று இருப்பவர்கள். அதில் ஒரு அக்கா எட்டு வருஷமாகக் கணக்கு எழுதினார்கள். பேர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே அக்கா என்றே சொல்கிறோம். எட்டாம் வகுப்புப் படிப்புதான். ஆனால் அவர்கள் எழுதின பேரேட்டில் அடித்தல் திருத்தல் இருக்காது. புதுக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது, "இப்படி எழுதணும்" என்று அந்த நோட்டைத்தான் நாங்கள் எடுத்துப்போய்க் காட்டுவோம்.

போன வருஷம் அந்த நோட்டில் தப்பு வர ஆரம்பித்தது. ஒருவர் கட்டின தவணை அடுத்தவர் பக்கத்தில் ஏறியிருக்கும். கூட்டல் தவறியிருக்கும். ஒரு மாதம் புத்தகத்தில் இருக்கும் பணத்துக்கும் கையில் இருக்கும் பணத்துக்கும் 500 ரூபாய் இடித்தது. கையில் குறைவு. எத்தனை தடவை கூட்டினாலும் சரியாக வரவில்லை. இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். ஒருத்தர் வாய்விட்டே கேட்டுவிட்டார்: "அப்ப பணம் எங்கதாங்க போச்சு?"

அக்கா ஒன்றும் பேசவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது சொந்தப் பணம் 500 ரூபாயைக் கட்டினார்கள். புத்தகங்களை மஞ்சள் பையோடு நடுவில் வைத்தார்கள். "எனக்கு இனிமே வராதுங்க. மூளை மங்கிப்போச்சு. நாப்பத்தேழு வயசாச்சு. சின்னப் புள்ளைங்க யாராச்சும் எழுதுங்க" என்றார்கள்.

நாம் என்ன செய்தோம்? "சரிக்கா, நீங்க ஓய்வெடுங்க" என்றோம். கூட்டமைப்பிலிருந்து போயிருந்த நாங்களும் தலையாட்டினோம். தீர்மானம் போட்டு வேறு ஒருவரிடம் நோட்டைக் கொடுத்தாகிவிட்டது. எட்டு வருஷம் தப்பில்லாமல் எழுதின கை திடீரென்று ஏன் தடுமாறுது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அதன் பிறகு அக்கா கூட்டத்துக்கு வருவதே நின்றது. சேமிப்பை மகனிடம் கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் மாதம், குழுவை விட்டே விலகிக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அதைப் பேசித் திருப்பலாம் என்று வீட்டுக்குப் போனோம். பகல் 11 மணி. அக்கா வாசல் வெயிலில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு ஊசியில் நூல் கோத்துத் தரச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "உள்ள வெளிச்சம் பத்தலைங்க" என்றார்கள். "தறியில இழை அறுந்தா எது எந்த இழைன்னே தெரியமாட்டேங்குது. அவர்தான் வந்து பிணைச்சுக் கொடுக்கறாரு, வஞ்சுக்கிட்டே" என்றார்கள். போன் வந்தது. யார் என்று பார்க்க, கையை முழுசாக நீட்டிப் பிடித்தார்கள்.

அப்போதுதான் நமக்கு உறைத்தது. மங்கினது மூளை இல்லை, கண்!

வெள்ளெழுத்து என்றால் என்ன?

நம் கண்ணுக்குள்ளே ஒரு சின்ன வில்லை இருக்கிறது. லென்ஸ் என்கிறோம். சின்ன வயதில் அது நன்றாக வளைந்து கொடுக்கும். தூரத்தில் பார்க்கும்போது தட்டையாகும், கிட்டத்தில் பார்க்கும்போது கொஞ்சம் குண்டாகும். வயது ஏற ஏற அந்த வில்லை இறுகுகிறது. 40 வயதை ஒட்டி, கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும்போது முன்போல வளையாது. தூரத்தில் வரும் பஸ் நன்றாகத் தெரியும். கையில் இருக்கும் டிக்கெட் தெரியாது. எழுத்து வெளுத்துப்போய்த் தெரிவதால் நம்ம பெரியவர்கள் இதற்கு வெள்ளெழுத்து என்று பேர் வைத்தார்கள்.

இது நோய் இல்லை. தலை நரைப்பது மாதிரிதான். படித்தவருக்கும் வரும், படிக்காதவருக்கும் வரும். நிறையப் படித்ததால் வருவதில்லை, தறியில் உட்கார்ந்ததாலும் வருவதில்லை. "கண்ணாடி போட்டா கண்ணு கெட்டுப்போயிடும்" என்பதும் சரியில்லை. கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் அறுபது, அறுபத்தைந்து வயது வரை பவர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறத்தான் செய்யும். போடாமல் இருந்தால் நஷ்டம் நமக்குத்தான்.

அந்த நஷ்டம் எவ்வளவு? அசாம் தேயிலைத் தோட்டங்களில் ஒரு ஆய்வு செய்தார்கள். 2018-ல் அதன் முடிவு வெளியானது. 40 வயதும் அதற்கு மேலும் உள்ள, கிட்டப் பார்வை மங்கின தொழிலாளிகள் 751 பேர். பெரும்பாலும் பெண்கள். அவர்களில் பாதிப் பேருக்கு முதலிலேயே இலவசமாகக் கண்ணாடி கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஆய்வு முடிந்த பிறகு கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் பறித்த கொழுந்து, போடாதவர்களுக்குக் கூடினதைவிட ஒரு நாளைக்கு 5 கிலோவுக்கு மேல் அதிகமாகக் கூடியது. அதாவது, ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல். கையும் அதே கை, செடியும் அதே செடி. வித்தியாசம் ஒரு கண்ணாடி.

இப்போது நம்ம ஊரை யோசித்துப் பாருங்கள். வெண்பட்டு வேட்டி நெய்கிற ஊர் இது. மயிரிழை மாதிரி பட்டு இழையைப் பார்த்துப் பிணைக்கிற வேலை. கொலுசில் பொடிப்பொடி வளையத்தைப் பற்ற வைக்கிற வேலை. இதைச் செய்கிற நாற்பது வயதுப் பெண், "முன்ன மாதிரி வேலை ஓடலை" என்று சொன்னால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி எது?

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்

• ஊசியில் நூல் கோக்க வெயிலைத் தேடுகிறீர்களா?
• பாஸ் புக்கையோ போனையோ கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படிக்கிறீர்களா?
• அரிசியில் கல் பொறுக்கும்போது தவறிவிடுகிறதா?
• சாயங்காலம் ஆனால் தலைவலி வருகிறதா?

இதில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் அரசு மருத்துவமனையிலோ கண் முகாமிலோ ஒரு தடவை காட்டுங்கள். மாமியார் கண்ணாடியை வாங்கிப் போட்டுச் சமாளிக்க வேண்டாம். அவர்களுக்கு வேறு பவர், உங்களுக்கு வேறு பவர். தலைவலிதான் மிச்சம். சர்க்கரை உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணின் உள்பக்கத்தையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். பார்வை திடீரென்று மங்கினாலோ, கண் சிவந்து வலித்தாலோ அன்றைக்கே போக வேண்டும். விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதையும் கண்ணில் விட வேண்டாம்.

ஆடத் தெரியாதவளா? கூடம் கோணலா?

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று ஒரு பழமொழி உண்டு. சாக்குச் சொல்கிறவர்களைக் கிண்டல் செய்ய வந்தது. ஆனால் நம்மில் பல பேர் இதற்கு நேர் எதிர். கூடம் நிஜமாகவே கோணலாக இருக்கும்போதுகூட, "எனக்குத்தான் ஆடத் தெரியலை" என்று ஒதுங்கிக்கொள்கிறோம். அக்காவும் அதைத்தான் செய்தார்கள். கண்ணில் இருந்த குறையை அறிவில் இருக்கிற குறையாக எழுதிக்கொண்டார்கள். நாமும் அதில் கையெழுத்துப் போட்டோம்.

இதைப் பேசப் பேச, "வராது" என்று நாம் சொல்வதெல்லாம் ஒரே மாதிரி இல்லை என்று தெரிந்தது. பிரித்துப் பார்த்தால் நாலு வகை இருக்கிறது.

1. உடம்பு சொல்கிற "வராது"

வெள்ளெழுத்து இந்த வகைதான். இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. ரத்தசோகை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. நம்ம குழுவில் 14 பேர் உட்கார்ந்தால் ஏழு பேருக்கு இருக்கலாம் என்று அர்த்தம்.

ரத்தசோகை உள்ளவருக்கு உடம்பு முழுக்க ஆக்சிஜன் போதுமான அளவு போகாது. களைப்பு வரும், மூச்சு வாங்கும், சிடுசிடுப்பு வரும், எதிலும் மனசு நிற்காது. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் "சோம்பேறி" என்பார்கள். அவரும் "எனக்கு எதுலயும் நாட்டம் வரமாட்டேங்குது" என்பார். சின்ன வயதில் குமரகிரி மலைப் படியை ஒரே மூச்சில் ஏறினவர்கள் இப்போது பாதியில் உட்கார்ந்துவிடுகிறீர்களா? வயது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கலாம், இரும்புச்சத்து மாத்திரையும் அங்கே கிடைக்கும்.

மாத்திரையைக் காப்பி, டீயோடு போட வேண்டாம். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா சாப்பிட்டால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். அது மாத்திரையால் வருவதுதான். மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் போனாலோ, அதிகமாகப் பட்டாலோ டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். முக்கியமாக ஒன்று: முருங்கைக்கீரையும் முட்டையும் வீட்டில் எல்லோருக்கும் போட்டபின் மிச்சம் இருந்தால் நமக்கு என்ற வழக்கத்தை மாற்றுவோம். சமைக்கிறவளுக்கும் ஒரு பங்கு எடுத்து வைப்போம்.

2. யாரும் சொல்லிக் கொடுக்காததால் வராதது

நம்ம இயக்கம் எப்படித் தொடங்கியது என்று பழைய உறுப்பினர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டம் குழுக்களை ஆரம்பித்தது. பிறகு நம்ம சேலத்துக்கும் வந்தது. அப்போது முதல் கூட்டத்தில் நிறைய பேர் கைநாட்டு வைத்தவர்கள்தான். "எழுத்து நமக்கு எங்கிருந்து வரும்?" என்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தர் கையைப் பிடித்து எழுத வைத்தார். அந்த விரல்தான் இன்றைக்குப் பேங்கில் கையெழுத்துப் போடுகிறது. விரல் மாறவில்லை. சொல்லிக் கொடுக்க ஆள் வந்தது, அவ்வளவுதான்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-92-ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணையாக நின்றார். "பொம்பளைக்கு சைக்கிளா?" என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. ஆனால் ஆயிரமாயிரமாகப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். கல்குவாரியில் வேலை செய்தவர்கள், வயல் வேலைக்குப் போனவர்கள், கிராமத்து நர்ஸ்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் மிச்சமானது. தண்ணீர் எடுக்கவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும், பொருள் விற்கவும் யார் கையையும் எதிர்பார்க்காமல் போனார்கள். சைக்கிள் அவர்களுக்கு வராமல் இருந்ததில்லை. அதுவரை யாரும் பிடித்து ஓட்டக் கற்றுக் கொடுக்கவில்லை.

இன்றைக்கு அந்த இடத்தில் ஏ.டி.எம். கார்டும், போனில் பணம் அனுப்புவதும் இருக்கிறது. "எனக்கு அது வராது, பையன்கிட்ட கொடுத்துடுவேன்" என்று சொல்கிறோம். பையன் பிறக்கும்போதே கற்றுக்கொண்டு வரவில்லை. அவனுக்கு யாரோ காட்டினார்கள். நமக்கும் காட்டச் சொல்வோம். ஆனால் ஒன்று, ரகசிய எண்ணை மட்டும் யாருக்கும் சொல்ல வேண்டாம்.

3. அடுத்தவர் எழுதி வைத்த "வராது"

"நீ வாயைத் திறந்தாலே உளறுவ." "உனக்கு என்ன தெரியும், நீ சும்மா இரு." இதை அப்பா சொல்லியிருப்பார், வாத்தியார் சொல்லியிருப்பார், கட்டினவர் சொல்லியிருப்பார். சில சமயம் அம்மாவே சொல்லியிருப்பார். பத்து வருஷம் கேட்டால் அது நம்ம குரலாகவே மாறிவிடுகிறது. பிறகு யாரும் சொல்லவே வேண்டாம், நாமே சொல்லிக்கொள்வோம்.

மதுரை மாவட்டம் புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை அம்மாவை நம்ம எல்லோருக்கும் தெரியும். கூலி வேலை செய்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். "படிக்காதவளுக்குத் தலைமை எப்படி வரும்?" என்று அவர் ஒதுங்கியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. கூலிக்காரப் பெண்களுக்காக முன்னால் நின்று பேசினார், களஞ்சியம் இயக்கத்தில் பெண்களைச் சேர்த்தார். 2001 ஜனவரியில் டெல்லியில் விருது கொடுக்கும்போது அன்றைய பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ விருதும் அவருக்கு வந்தது. அவருக்குப் படிப்பு வரவில்லை என்பது உண்மை. அதனால் தலைமையும் வராது என்பது மற்றவர்கள் எழுதின கணக்கு. அதை அவர் தன் பேரேட்டில் ஏற்றிக்கொள்ளவில்லை.

4. நிஜமாகவே வராதது

இதையும் சொல்லத்தான் வேண்டும். "நினைச்சா எல்லாம் முடியும்" என்று மேடையில் பேசுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சிலது நிஜமாகவே முடியாது. இடுப்பு எலும்பு தேய்ந்தவர் குழித்தறியில் எட்டு மணி நேரம் உட்கார முடியாது. அவரை "மனசு வச்சா முடியும்" என்று சொல்வது தைரியம் கொடுப்பதாகாது, கொடுமை. முடியாது என்று தெரிந்தபின், வேறு என்ன முடியும் என்று தேடுவதும் வளர்ச்சிதான்.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1918-ல் அயன் வடமலாபுரம் என்ற கிராமத்தில் பிறந்தவர். உறவுப் பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனதைச் சின்ன வயதில் பார்த்ததால், பிரசவ டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டார். டாக்டருக்குப் படித்து முடித்தார். ஆனால் கடுமையான மூட்டுவாதம் வந்து படுத்த படுக்கையானார். கைவிரல்கள் கோணிப்போயின. பிரசவம் பார்க்கிற வேலை அந்தக் கைக்கு இனி வராது. அது நிஜம். அவர் அதை ஒத்துக்கொண்டார். ஆனால் அத்தோடு படுத்துவிடவில்லை. கண் மருத்துவம் படித்தார். அந்தக் கோணல் விரலுக்கு ஏற்றபடி கத்தியைப் பிடிக்கப் பழகிக்கொண்டார். அரசு வேலையில் ஓய்வுபெற்ற பிறகு, 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 2006-ல் காலமாவதற்குள் அவர் கையால் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் கண் அறுவை செய்திருக்கிறார். வராததை வராது என்று ஒத்துக்கொண்டதால்தான் வருவது எது என்று அவருக்குத் தெரிந்தது.

மனசுக்கும் களைப்பு உண்டு

சில சமயம் கண்ணும் சரி, ரத்தமும் சரி. இருந்தாலும் எதிலும் பிடிப்பு இல்லை. தூக்கம் இல்லை, பசி இல்லை, காரணம் இல்லாமல் அழுகை வருகிறது. "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்று திரும்பத் திரும்பத் தோன்றுகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் அது குணமும் இல்லை, திமிரும் இல்லை. மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கும் சிகிச்சை உண்டு. 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் காசில்லாமல், தமிழிலேயே பேசலாம். பக்கத்தில் இருக்கிற நாம் செய்ய வேண்டியது, "உனக்கென்ன குறை, எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லாமல், கூட உட்கார்ந்து கேட்பது. "செத்துப்போலாம் போல இருக்கு" என்று யாராவது சொன்னால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல், தனியாக விடாமல், உடனே உதவிக்கு அழைக்க வேண்டும்.

தணிக்கை செய்வது எப்படி?

அடுத்த கூட்டத்தில் சேமிப்பு, கடன் வேலை முடிந்ததும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் "எனக்கு வராது" என்று சொல்கிற ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லட்டும். யாரும் சிரிக்கக் கூடாது, யாரும் உடனே புத்தி சொல்லவும் கூடாது. பிறகு நாலே கேள்வி கேளுங்கள்.

• இது எப்போதிலிருந்து வரவில்லை? முன்னால் வந்து, இப்போது வரவில்லை என்றால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும்.
• இதை யாராவது உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்களா? இல்லை என்றால், குழுவில் யாருக்குத் தெரியும்?
• வராது என்று முதலில் சொன்னது யார்? நீங்களா, வேறு ஒருவரா?
• நிஜமாகவே வராது என்றால், அதற்குப் பதிலாக என்ன செய்யலாம்? அதற்குக் குழு என்ன உதவி செய்யும்?

பதிலைத் தீர்மான நோட்டில் எழுத வேண்டாம். அது அவரவர் சொந்த விஷயம். ஆனால் செய்ய வேண்டிய வேலையை எழுதுங்கள். "கண் பரிசோதனைக்கு நாலு பேர் போவது, துணைக்கு இன்னார் போவது" என்று தேதி போட்டு எழுதினால்தான் நடக்கும். கண்ணாடிக்கும் மருந்துக்கும் உள்கடன் கேட்பவருக்கு முதலில் கொடுங்கள். ஆடு வாங்கக் கடன் கொடுக்கிறோம், தறிக்கு அச்சு வாங்கக் கடன் கொடுக்கிறோம். அதை எல்லாம் பார்த்து வேலை செய்கிற கண்ணுக்குக் கொடுக்க யோசிக்கலாமா?

அக்கா என்ன ஆனார்கள்?

நாங்களே கூட்டிக்கொண்டு போய்க் கண்ணைக் காட்டினோம். வேறு கோளாறு இல்லை, வெள்ளெழுத்துதான். கண்ணாடி வந்த அன்றைக்கு அக்கா முதலில் பார்த்தது புத்தகத்தை இல்லை, தன் கையை. "ஏ சாமி, என் கையில இத்தனை கீறலா?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். தறி இழை அறுத்த கீறல்கள். அத்தனை நாளும் தெரியவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு வந்தார்கள். பழைய ரொக்கப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, உறுப்பினர்களின் பாஸ் புக்கோடு ஒவ்வொரு வரியாக ஒத்துப் பார்த்தார்கள். நாங்கள் யாரும் அப்போது அப்படி ஒத்துப் பார்க்கவில்லை. முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு இடத்தில் விரலை வைத்தார்கள். ஒரு உறுப்பினர் கட்டின தவணை, பாஸ் புக்கில் 300. ரொக்கப் புத்தகத்தில் 800. மூன்று எட்டாகிவிட்டது. குறைந்த அந்த 500 ரூபாய் குழுவுக்கு வரவே இல்லை. யாரும் எடுக்கவும் இல்லை.

அன்றைக்கே தீர்மானம் போட்டோம். அக்கா கட்டின 500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தோம். "பணம் எங்க போச்சு?" என்று கேட்ட சகோதரி எழுந்து போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அக்கா அவரிடம், "நீ கேட்டது தப்பில்லை கண்ணு. கணக்குன்னா கேக்கணும். ஆனா எங்கிட்டயும் என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்கள். அந்த வார்த்தை எங்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னதுதான்.

இப்போது கணக்கை அக்காவும், நடுவில் பொறுப்பேற்ற சின்னப் பெண்ணும் சேர்ந்து எழுதுகிறார்கள். ஒருவர் எழுதினால் இன்னொருவர் பாஸ் புக்கோடு ஒத்துப் பார்க்கிறார். மாதாமாதம் அப்படித்தான்.

சகோதரிகளே, உங்கள் குழுவிலும் ஒருவர் பேரேட்டைக் கீழே வைத்திருக்கலாம். பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தியிருக்கலாம். தவறாமல் வந்தவர் இரண்டு கூட்டமாக வராமல் இருக்கலாம். "அவங்களுக்கு ஆர்வம் இல்லை" என்று எழுதி மூடிவிடாமல், ஒரு நடை அவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

கூட்டத்தில் பேசுவதற்கு:

1. நம் குழுவில் 40 வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர்? கடைசியாகக் கண் பரிசோதனை செய்தது எப்போது?
2. கடந்த ஒரு வருஷத்தில் பொறுப்பை விட்டவர்கள், கூட்டத்துக்கு வராமல் நின்றவர்கள் யார்? காரணம் கேட்டோமா?
3. நம்மில் ஒருவருக்குத் தெரிந்து, இன்னொருவருக்குத் தெரியாத வேலை என்ன? இந்த மாதம் யார் யாருக்குச் சொல்லிக் கொடுப்பது?

உங்கள் குழுவில் பேசியதை எழுதி அனுப்புங்கள். எழுத வராது என்றால், எழுதத் தெரிந்தவரிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். அடுத்த தடவை நீங்களே எழுதுங்கள்.